இசிதோரா அகிர்ரேயும் எங்கள் மடுவத்துப் பேச்சும்

சென்ற ஆண்டு தமிழ்த்தினப் போட்டிக்காக எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தேன். தேயிலைக் கொழுந்தின் நிறையைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்று ஒரு பெண் தட்டிக் கேட்பதுதான் கதை. இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், பள்ளி விட்ட பிறகு ஒத்திகை நடந்தது. முதன்மைப் பாத்திரத்தில் நடித்த மாணவியைக் கூட்டிப்போக அவளுடைய தாயார் மலையிலிருந்து நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்று பார்த்தார். மேடையில் மகள், "ஐயா, எனது உழைப்புக்குரிய ஊதியத்தை நீங்கள் குறைத்துவிட்டீர்கள்" என்று நான் எழுதிக் கொடுத்தபடியே சொன்னாள்.

ஒத்திகை முடிந்ததும் அந்தத் தாயார் என்னிடம் வந்து, "டீச்சர், கொற நெனைக்காதீங்க. மடுவத்துல நாங்க இப்படிப் பேச மாட்டோமே" என்றார். எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டேன். "அரைப்பேரு போட்டுட்டீங்களே கணக்கப்புள்ளன்னு சொல்லுவோம். அதுக்கு மேல அங்க பேச நேரம் ஏது?" என்று சொல்லிவிட்டு, மகளின் புத்தகப்பையை வாங்கிப் படங்குக்குள் செருகிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

அரைப்பேர் என்றால் என்னவென்று மலையகத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கும் இடம், கணக்கப்பிள்ளை வேலையை மேற்பார்த்துக் கணக்கு எழுதுபவர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர் விழும், குறைந்தால் அரைப்பேர்தான். ஒரு பெண்ணின் நாள் முழுவதும் மடுவத்துத் தராசில் தொங்கும்போது, அவளுடைய பேரே பாதியாகிவிடுகிறது. இந்த ஒற்றைச் சொல்லில் இருக்கும் வலியை நான் எழுதிய முப்பது பக்கப் பிரதியில் எங்கு தேடினாலும் காண முடியாது. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். லயம் என்ற வரிசை வீட்டு அறையான காம்பராவில், அதன் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் படுத்து உறங்கி வளர்ந்தவள் நான். அந்தச் சொல் எனக்கு எப்படி மறந்துபோனது என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

அப்போதுதான் இசிதோரா அகிர்ரேயின் நினைவு வந்தது. சிலி நாட்டின் நாடக ஆசிரியரான அவரைப் பற்றி நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு ஆயத்தம் செய்தபோது சில ஆண்டுகளுக்கு முன்பே படித்திருந்தேன். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஆங்கிலத்தில் கிடைத்ததைத் தேடி வாசித்ததும், இணையத்தில் கிடைத்த மேடையேற்றங்களை மொழி புரியாமலே உடலசைவையும் பாட்டையும் பின்பற்றிப் பார்த்ததுமே என் பழக்கம். வாசித்தபோது அவர் எனக்கு ஒரு பாடக்குறிப்பாகவே இருந்தார். அந்தத் தாயார் பேசிவிட்டுப் போன பிறகுதான், அவர் வாழ்நாள் முழுவதும் செய்தது இன்னதென்று எனக்குப் புரிந்தது.

அகிர்ரே 1919 மார்ச் 22ஆம் நாள் சந்தியாகோ நகரில், வசதியும் படிப்பும் நிறைந்த குடும்பத்தில் பிறந்தார். தாயார் மரியா துப்பேர் ஓவியர். நெருக்கமானவர்கள் அவரை 'நெனே' என்று செல்லமாக அழைத்தார்கள். நாடகத்துக்கு வருமுன் அவரும் ஓவியம் வரைந்தார், சிறுவர்களுக்கு எழுதினார், சமூகப் பணி படித்தார். சமூகப் பணி கற்ற பெண் நாடகம் எழுத வந்ததுதான் அவருடைய எழுத்தின் திறவுகோல் என்று நான் நினைக்கிறேன். ஒரு வீட்டுக்குள் நுழைந்து, பாயில் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு எழுத்துக்கு முன்பே கைவந்திருந்தது.

அவருடைய தொடக்க கால ஓரங்க நாடகங்களில் 'கரோலினா' ஒன்று. 1955இல் அரங்கேறியது. கணவனும் மனைவியும் ஒரு ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார்கள். வீட்டில் அடுப்பின் மேல் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டோமோ என்ற ஐயம் மனைவியை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சிறு கவலை போதும், நாடகம் நடக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. தரம் 9 மாணவிகளிடம் இந்த நிலைமையைச் சொல்லி, அட்டன் ரயில் நிலையத்தில் நடப்பதாக நினைத்து நடிக்கச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "எங்க வீட்டுல வெறகு அடுப்பு டீச்சர், அது தானா அணைஞ்சிடும்" என்றாள். அப்படியானால் எது உன் அம்மாவை ரயிலில் நிம்மதியாக உட்காரவிடாது என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல், "மாட்டுக்குப் புல்லுப் போட்டோமான்னு" என்றாள். வகுப்பே அதை ஆமோதித்தது. அந்த ஒரு மாற்றத்தில் நாடகம் சிலியிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சிலி மக்கள் அகிர்ரேயைக் கொண்டாடுவது 1960 ஏப்ரலில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் நாடகக் குழு அரங்கேற்றிய இசை நாடகத்துக்காகத்தான். தமிழில் அதைப் 'பூக்காரர் பந்தல்' என்று சொல்லலாம். பிரான்சிஸ்கோ ஃப்ளோரெஸ் தெல் காம்போ இசையமைத்தார், எவ்ஹெனியோ குஸ்மான் இயக்கினார். சந்தியாகோவின் பெருந்தெருவான அலமேதாவில், சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தை ஒட்டிப் பூ விற்கும் பெண்களின் பந்தல் ஒன்று இருந்தது. தெருவை அகலமாக்க வேண்டும், பந்தலை இடித்துவிடலாம் என்று நகரத்துப் பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள். கதை நடப்பது 1929இல். ரோசவுரா என்ற மூத்த பூக்காரியும் அவளுடைய கூட்டாளிகளும் நகரசபைத் தலைவரிடமும் மேட்டுக்குடிச் சீமாட்டிகளிடமும் பேசி, கெஞ்சி, மிரட்டி, தந்திரம் செய்து பந்தலைக் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். கிராமத்திலிருந்து புதிதாக வந்து இறங்கும் கார்மேலா என்ற இளம்பெண், தான் சான் ரோசெந்தோவிலிருந்து வருவதாகப் பாடிக்கொண்டே நகரத்துக்குள் நுழைகிறாள். அந்த ஊர்ப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது மீண்டும் வரும்.

இந்த நாடகத்தை வெறும் ஆடல்பாடல் என்று ஒதுக்குபவர்களை நான் ஏற்கமாட்டேன். நிறமும் இசையும் பொங்கி வழிந்தாலும் உள்ளே இருப்பது, இடம் பறிபோகப் போகும் பெண்களின் அச்சம். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு உழைத்த இடத்துக்கு ஒரு துண்டு உறுதிப் பத்திரமும் இல்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று மலையகத்தாருக்குத் தெரியும். லயத்துக் கூரையில் ஒரு தகரத்தை மாற்றுவதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்திருந்தவர் என் தாத்தா. அகிர்ரே பூக்காரிகளின் பேச்சை, அதன் கொச்சையோடும் துடுக்கோடும் அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தப் பேச்சு அவருடைய வீட்டுப் பேச்சு அன்று. அவருடைய வீட்டில் பேசியது நாடகத்தில் வரும் சீமாட்டிகளின் மொழிக்குத்தான் நெருக்கமானது. அவர் தேடிப்போய்க் காது கொடுத்துக் கற்றுக்கொண்டார். நானோ அந்தப் பேச்சுக்குள் பிறந்து, படிப்பு என்ற பெயரில் படிப்படியாக அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவள்.

இதற்கு ஓராண்டு முன்னர், 1959இல், நாவலாசிரியர் மனுவேல் ரோஹாஸுடன் சேர்ந்து சேரிவாழ் மக்களைப் பற்றி ஒரு நாடகம் எழுதியிருந்தார். 1963இல் 'காகிதம் பொறுக்குவோர்' வந்தது. நகரத்தின் குப்பைமேட்டில் குடியிருந்து, காகிதமும் கந்தலும் பொறுக்கிப் பிழைப்பவர்களை அவர் நேரில் போய்ப் பார்த்தார், பேசினார். ரோமிலியா என்ற பெண் அவர்களைத் தட்டி எழுப்ப முயல்கிறாள். ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் தாக்கம் இதில் தெளிவாகத் தெரியும். நாடகம் பயில்பவர்கள் பிரெக்டை ஏட்டில் படிப்பதோடு நின்றுவிடாமல், அவரைத் தன் ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துப்போன இந்தப் பெண்ணையும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

என்னை மிகவும் உலுக்கியது 1969இல் அரங்கேறிய நாடகம். 'வழியில் விடுபட்டு நின்றவர்கள்' என்று அதன் தலைப்பைச் சொல்லலாம். அந்தச் சொற்றொடர் சே குவேராவின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது. தெற்குச் சிலியில், பியோபியோ ஆற்றின் மேற்பகுதி மலைகளில், ரான்கில் என்ற இடத்தில் நிலத்திலிருந்து விரட்டப்பட்ட உழவர்களும் மபூச்சே பழங்குடி மக்களும் 1934இல் கிளர்ந்தெழுந்தார்கள். காவற்படை அவர்களைக் கொன்று குவித்தது. அகிர்ரே அந்த மலைப்பகுதிக்குப் போய், தப்பிப் பிழைத்தவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் சொன்னதிலிருந்து நாடகத்தைக் கட்டினார். நாடகத்தின் நடுவே நிற்பவள் லொரென்சா என்ற முதியவள். நிலச் சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்த 1960களில் அவள் வாழ்கிறாள், ஆனால் அவளுடைய மனம் 1934இலேயே நிற்கிறது. செத்துப்போனவர்கள் அவள் முன் வந்து பேசுகிறார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வந்தன. 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட கோவிந்தன் ஒருவர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்ட நிலங்கள் பறிபோவதை எதிர்த்து நின்றபோது சுடப்பட்ட சிவனு லெட்சுமணன் மற்றவர். ஆண்டுதோறும் மாலை போடுகிறோம், கூட்டம் போடுகிறோம். ஆனால் அந்த நாட்களில் லயத்துக் கோடியில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளை அணைத்திருந்த பெண்கள் என்ன பேசினார்கள், எந்த அடுப்பில் எது வெந்துகொண்டிருந்தது என்று கேட்டு எழுதி வைத்தோமா? டெவன் பக்கம் 1977இல் பத்து வயதிருந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தொடும் வயது. கேட்பதற்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. தோட்டத் தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையும் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களுக்குப் போனபோது, அம்மையார் பாட்டுப் பாடித்தான் மக்களைத் திரட்டினார். அரசியலை மக்கள் அறிந்த மெட்டில் வைத்துக் கொடுத்தவர் அவர். 1970இல் இடதுசாரித் தலைவர் சல்வதோர் அயெந்தே அதிபர் தேர்தலில் நின்ற காலத்தில் அகிர்ரே செய்ததும் அத்தகைய வேலையே. நடிகர்களுக்குப் பெரிய பெரிய தலைகளைச் செய்து மாட்டி, சந்தைகளிலும் தெருக்களிலும் குறுநாடகங்கள் போட்டார். அரங்கத்துக்கு ஒருநாளும் நுழைவுச்சீட்டு வாங்காத மக்களிடம் அரங்கமே நடந்துபோனது. சிலிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்துக்கொண்டே அவர் இதையும் செய்தார் என்பது ஓர் ஆசிரியையாக எனக்குப் பெரிய செய்தி. வகுப்பறைக்கும் சந்தைக்கும் நடுவே அவர் வேலி போடவில்லை.

1973 செப்டம்பர் 11ஆம் நாள் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பல்கலைக்கழகங்கள் இராணுவ அதிகாரிகளின் கைக்குப் போயின. கலைஞர்களில் பலர் வெளிநாடுகளுக்குத் தப்பியோடினார்கள். அகிர்ரே நாட்டை விட்டுப் போகவில்லை. 1982இல், ஸ்பானியர்களை எதிர்த்துப் போரிட்ட மபூச்சே வீரனான லவுத்தாரோவைப் பற்றிய நாடகத்தை மேடையேற்றினார். பழங்கதையைச் சொல்லி நிகழ்காலத்தைப் பேசும் வழி அது.

மறுபடியும் சான் ரோசெந்தோவுக்கு வருகிறேன். இராணுவம் ஆட்சிக்கு வந்த அதே செப்டம்பர் மாதத்தில், லாஹா, சான் ரோசெந்தோ என்ற அருகருகே அமைந்த இரு சிற்றூர்களிலிருந்து 19 பேரைக் காவற்படை பிடித்துக்கொண்டு போனது. அவர்களில் பெரும்பாலானோர் தொழிலாளர்களும் தொழிற்சங்கத்தினரும். அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் சிறைவாசல்தோறும் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1979இல், யும்பெல் என்ற ஊரின் இடுகாட்டில் அந்த 19 பேரின் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன. கன்செப்சியோன் நகரத்து நாடகக் குழுவொன்றுக்காக 1986இல் அகிர்ரே இதை நாடகமாக்கினார். யும்பெல் ஊர் புனித செபஸ்தியாரின் திருவிழாவுக்குப் பேர்போனது. அம்புகளால் துளைக்கப்பட்ட அந்தப் புனிதரின் கதையை ஒரு நடிகர் குழு ஊர்ச் சதுக்கத்தில் நடிக்கிறது. அதன் ஊடாக, காணாமற்போனவர்களைத் தேடும் பெண்களின் குரல் எழுகிறது. 1987இல் இந்த நாடகத்துக்குக் கியூபாவின் காசா தே லாஸ் அமெரிக்காஸ் பரிசு கிடைத்தது.

1960இல் பாட்டுப் பாடிக்கொண்டு கார்மேலா புறப்பட்டு வந்த அதே ஊர்தான் இது. இரண்டு நாடகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. கார்மேலா ஊருக்குத் திரும்பியிருந்தால், மணமாகிப் பிள்ளைகளோடு இருந்திருந்தால், 1973இல் சிறைவாசலில் நின்ற பெண்களில் அவளும் ஒருத்தியாகியிருப்பாள் என்று எனக்குத் தோன்றாமல் இருக்கவில்லை. நம் நாட்டிலும் அப்படி வாசல்தோறும் நின்ற, இன்றும் நிற்கிற பெண்கள் உண்டு.

அகிர்ரே 2011 பெப்ரவரி 25ஆம் நாள் சந்தியாகோவில் காலமானார். வயது 91. நாடு முழுவதும் அவருடைய பாட்டுகளை முணுமுணுத்தது, பாடசாலைகள் அவருடைய நாடகங்களைப் போட்டுக்கொண்டே இருந்தன. ஆனால் அரங்கக் கலைக்கான சிலியின் தேசியப் பரிசு கடைசிவரை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

எங்கள் நாடகத்துக்கு வருகிறேன். அந்தத் தாயார் சொன்ன மறுநாளே பிரதியைப் பிள்ளைகளிடமிருந்து திரும்ப வாங்கினேன். ஒவ்வொருவரும் அம்மாவிடமோ அம்மாயியிடமோ ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, மடுவத்தில் நடந்த ஒரு சண்டையைக் கேட்டு, சொன்னது சொன்னபடியே எழுதிவர வேண்டும் என்று சொன்னேன். மொத்தம் 14 கொப்பித் தாள்கள் வந்தன. ஒரு தாளில் எண்ணெய்க் கறை, இன்னொன்றில் பாதி வாக்கியம் பாதி வரைபடம். தராசின் கொக்கியை எங்கே பிடித்தால் நிறை குறையும் என்று ஓர் அம்மாயி பேரனுக்கு வரைந்தே காட்டியிருந்தார். பழைய பிரதியில் நான் எழுதிய உரையாடலில் நான்கு வரிகள்கூட மிஞ்சவில்லை.

போட்டியில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. நடிப்பு நன்றாக இருந்தாலும் மேடைக்குரிய தமிழ் இல்லை என்று நடுவர்களில் ஒருவர் சொன்னார். பிள்ளைகள் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார்கள். எனக்கும் கோபம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். கட்டுரைக்குரிய தமிழ் வேறு, ஒரு பாத்திரம் தன் வாயால் பேசும் தமிழ் வேறு என்பதை இன்னும் எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பது? இந்தக் கட்டுரையை நான் செந்தமிழில்தான் எழுதுகிறேன், அது எனக்குப் பிடித்த தமிழ். மடுவத்தில் நிற்கும் பெண்ணின் வாயில் அதைத் திணிக்க எனக்கு உரிமையில்லை. அதே நாடகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் போட்டோம். "அரைப்பேரு போட்டுட்டீங்களே கணக்கப்புள்ள" என்று அந்த மாணவி சொன்னபோது, முன்வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் கை தட்டவில்லை. ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு முதியவர் அங்கிருந்தே, "அப்படிக் கேளு புள்ள" என்றார்.

யும்பெல் நாடகத்தைப் போல ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை அன்றிலிருந்து எனக்குள் இருக்கிறது. அந்த ஊருக்குச் செபஸ்தியார் போல, எங்களுக்குக் காமன் கூத்து இருக்கிறது. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, இரவிரவாகத் தப்பு முழங்க, மன்மதன் எரிக்கப்படுவதும், கணவனை இழந்த ரதி புலம்புவதும் எங்கள் தோட்டங்களில் பரம்பரையாக ஆடப்படுகின்றன. சின்ன வயதில் அம்மாவின் கம்பளிக்குள் சுருண்டபடி அந்தப் புலம்பலைக் கேட்டு அழுதிருக்கிறேன். கணவனைத் திருப்பிக் கொடு என்று ஒரு பெண் கடவுளையே எதிர்த்து நின்று கேட்கும் அந்த இடத்தில், வாசல்தோறும் நின்ற பெண்களின் குரல்களையும் சேர்க்க முடியும் என்று நம்புகிறேன். ஆனால் முதலில் கேட்க வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்தில் பல ஆண்டுகள் ரதி வேடம் கட்டிய பெரியவர் ஒருவர் இருக்கிறார். ரதியாக ஆடுவது எங்கள் பக்கம் எப்போதும் ஆண்கள்தான். போன மாதம் பிள்ளைகள் இருவரோடு அவர் காம்பராவுக்குப் போனேன். பாட்டுகளைப் பதிவு செய்துகொள்ளலாமா ஐயா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், ஆனால் உடனே பாடவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். இஸ்தோப்பில் வெளிச்சம் விழும் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்து, வேட்டி நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்தார். நெற்றியில் பொட்டு வைத்தார். நரைத்த புருவங்களை விரலால் நீவிவிட்டார். அதன் பிறகுதான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.